கையால் செய்த யுகுலேலே: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

ப்ளைவுட் பெட்டி, சில்வர் ஓக் அல்லது பலாக்கட்டையில் கழுத்து, தந்தியை முறுக்கக் கடையில் கிடைத்த கித்தார் டியூனர் நாலு. குறைந்த செலவில் செய்த யுகுலேலே, அதாவது நாலு தந்திச் சின்னக் கித்தார், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தந்தி மாட்டிய முதல் நாளே அது ஒழுங்காகப் பேசுவது அபூர்வம். கோளாறு தெரிந்ததும் பலரும் விலை கூடிய தந்தி வாங்குகிறார்கள், அதுவும் கேட்காவிட்டால் டியூனரை மாற்றுகிறார்கள். இரண்டும் அநேகமாக வீண் செலவு. கோளாறு நட்டில் இருக்கும், இல்லையென்றால் சாடிலில், இல்லையென்றால் பிரிட்ஜ் ஒட்டிய இடத்தில்.

இங்குள்ள அளவுகள் கான்சர்ட் என்ற நடு அளவு யுகுலேலேவுக்கு உரியவை. நட்டிலிருந்து சாடில் வரை 380 மி.மீ., ஜி-சி-ஈ-ஏ சுருதி, நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் தந்தி. அதைவிடச் சிறிய சொப்ரானோவோ பெரிய டெனரோ செய்தவர்கள் ஃபிரெட் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், சோதிக்கும் முறை ஒன்றுதான். நட் என்று இங்கே சொல்வது கழுத்தின் தலைப்பக்கம் தந்தி உட்காரும் சின்னக் கட்டையை. சாடில் என்பது எதிர்முனையில் தந்தி உட்காரும் மெல்லிய பட்டை, அதைத் தாங்கி மேல்பலகையில் இருக்கும் கட்டைதான் பிரிட்ஜ். கழுத்தின் மேலுள்ள பலகை ஃபிங்கர்போர்டு, அதில் குறுக்கே பதித்த கம்பிகள் ஃபிரெட்.

அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்

நான்கு தந்தியையும் சரியான சுருதிக்கு ஏற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 16 கிலோ இழுப்பு. அந்த இழுப்பில் கழுத்து எவ்வளவு வளைகிறது, மேல்பலகை எவ்வளவு எழும்புகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். தந்தியைத் தளர்த்திவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது.

இடைவெளி அளக்கத் தனிக் கருவி வேண்டாம். 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் 0.1 மி.மீ. தடிமன். காலாவதியான ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ.

முதலில் நட். தந்தியை இரண்டாம் மூன்றாம் ஃபிரெட்டுகளுக்கு நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேலே பாருங்கள். ஒரு தாள் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. தாளே நுழையாமல் தந்தி ஃபிரெட்டில் படுத்துக்கிடந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. மூன்று நான்கு தாள் நுழைந்தால் நட் உயரம்.

அடுத்து கழுத்து. முதல் ஃபிரெட்டிலும் பன்னிரண்டிலும் ஒரே சமயத்தில் அழுத்தி, ஆறாவதின் மேல் பாருங்கள். ஒன்றிரண்டு தாள் நுழையலாம். கார்டே நுழைந்தால் கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது.

கடைசியாக, பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் தந்தி உயரம். மூன்று கார்டை அடுக்கினால் தடையில்லாமல் போக வேண்டும், நான்கு போகக் கூடாது. அதாவது 2.3-க்கும் 3-க்கும் நடுவில். இந்த மூன்று அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளுக்கு வாருங்கள்.

விரல் வைக்காமல் மீட்டினால் மட்டும் இரைகிறது

விரல் வைத்ததும் இரைச்சல் நின்றால் குற்றம் நட்டுடையது. ஃபிரெட்டில் தந்தியை அழுத்திய கணமே நட்டுக்கு வேலை போய்விடுகிறதல்லவா.

காரணம் இரண்டில் ஒன்று. பள்ளம் ஆழமாகியிருக்கலாம், மேலே சொன்ன தாள் சோதனையில் அது தெரிந்துவிடும். இல்லையென்றால் பள்ளத்தின் சரிவு தலைகீழாக இருக்கும். பள்ளத்தின் மிக உயரமான இடம் ஃபிங்கர்போர்டு பக்கத்து விளிம்பாக இருந்து, அங்கிருந்து டியூனர் பக்கம் சரிந்து இறங்க வேண்டும். பின்விளிம்பு உயர்ந்திருந்தால் தந்தி அங்கே உட்கார்ந்துகொண்டு முன்விளிம்பில் உரசும். இரைச்சலோடு சுருதிக் கணக்கும் கெடும்.

ஆழமான பள்ளத்தில் ஆப்ப சோடாவை நிரப்பி, சூப்பர் குளூ ஒரு சொட்டு விடுங்கள். நொடியில் கல்லாக இறுகும். சூடும் காரமான புகையும் கிளம்பும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பிறகு மெல்லிய அரத்தாலோ, பிளேடில் சுற்றிய உப்புத்தாளாலோ புதுப் பள்ளம் ராவலாம். ஏ தந்திக்கு 0.6 மி.மீ., சி தந்திக்கு 0.9 மி.மீ. அகலம் போதும். இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை தந்தியை மாட்டி அளங்கள். அவசரப்பட்டால் மறுபடி சோடாதான்.

ஒரே ஒரு ஃபிரெட்டில் இரைகிறது

ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தும்போது இரைந்தால் ஐந்தாவதைத் தொடாதீர்கள். பெரும்பாலும் பிரிட்ஜ் பக்கம் அடுத்திருக்கும் ஆறாவதுதான் தூக்கிக்கொண்டு நிற்கும். சில சமயம் ஐந்தாவதே தாழ்ந்திருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஆக்சா பிளேடின் முதுகுப்பக்கம் போதும். அதில் 45 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு, 33 மி.மீ. நீளத்தில் ஒன்று உடைத்து, முனைகளை மழுக்கிக்கொள்ளுங்கள். பெரிய துண்டு முதல் ஆறு ஃபிரெட்டுக்கு, சின்னது அதற்கு மேல். ஒரே நேரத்தில் மூன்று ஃபிரெட்டுகளின் மேல் மட்டும் படும்படி வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடுவில் இருப்பது உயரம்.

உயர்ந்த ஃபிரெட்டை உடனே ராவிவிடக் கூடாது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், இறங்கினால் அது உயரமில்லை, தளர்வு. சாதாரண ஆக்சா பிளேடால் பள்ளம் அறுத்தவர்களுக்கு இது நிச்சயம் வரும். பிளேடு மெல்லியதாகத் தெரிந்தாலும் பற்கள் இரு பக்கமும் விரிந்திருப்பதால் வெட்டு 0.9 மி.மீ. வரை அகலமாகிறது. ஃபிரெட் கம்பியின் அடிநாக்கோ 0.5, 0.6 மி.மீ.தான். இப்படிப்பட்ட ஃபிரெட்டைக் கழற்றி, பள்ளத்தில் மெல்லிய மரத்தூள் தூவி, ஃபிரெட்டை அழுத்தி வைத்து ஓரத்திலிருந்து சூப்பர் குளூவை உறிஞ்சவிடுங்கள். அடுத்த கருவிக்குப் பள்ளம் அறுக்கும்போது பிளேடின் இரு பக்கத்தையும் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்துவிட்டு அறுக்கலாம்.

ஆடாமல் உயர்ந்து நின்றால் மட்டுமே ராவ வேண்டும். ஃபிரெட்டுகளின் தலையில் மார்க்கரால் மை பூசி, தட்டையான டைல்ஸ் துண்டில் ஒட்டிய 320 உப்புத்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். எல்லா ஃபிரெட்டிலும் மை அழிந்ததும் நிறுத்திவிடுங்கள். தட்டையாகிப்போன தலைகளை அரத்தால் மறுபடி உருட்டாக்குவது கட்டாயம். அதைச் செய்யாமல் விட்டால் தந்தி ஃபிரெட்டின் நடுவில் நிற்காமல் முன்விளிம்பில் நின்று சுருதி விலகும்.

எங்கே அழுத்தினாலும் மெல்லிய ரீங்காரம்

தம்புராவில் குதிரையின் தட்டையான முகமும் அதன்மேல் செருகும் ஜீவா என்ற நூலும் சேர்ந்துதான் அந்த ரீங்காரத்தைத் தருகின்றன. அங்கே அது வேண்டியது. யுகுலேலேவின் சாடில் உச்சி தட்டையாக இருந்தால் அதே வேலை நடக்கும், இங்கே அது வேண்டாதது. சாடிலின் உச்சியை ஒரே கோடாகக் கூர்ந்து, பின்பக்கம் சரியும்படி தேயுங்கள். தந்தி அந்தக் கோட்டில் மட்டும் பட வேண்டும்.

சாடில் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று அதிர்ந்தால் அந்த ஸ்வரத்தை மீட்டிக்கொண்டே ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்துங்கள். டியூனரின் வாஷர், திருகு, முடிச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு பலகையைத் தொடும் தந்தி வால், உள்ளே ஒட்டு விட்ட தாங்குக்கட்டை. இந்த வரிசையில் தேடினால் நேரம் மிச்சம்.

கை வலிக்கும் அளவுக்குத் தந்தி உயரம்

நட் சரியாக இருந்து 12-ஆம் ஃபிரெட்டில் மட்டும் உயரம் என்றால் சாடிலைக் குறைக்கலாம். கணக்கு இரட்டை: 12-இல் 0.5 மி.மீ. குறைய வேண்டுமானால் சாடிலில் 1 மி.மீ. போக வேண்டும். உச்சியில் ராவாதீர்கள், அடியில் தேயுங்கள். அடி கொஞ்சம் கோணினாலும் சாடில் பள்ளத்தில் முழுசாக உட்காராது, சத்தம் பாதியாகும்.

குறைக்கச் சாடிலே மிச்சமில்லையா? 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேலை ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து பிரிட்ஜை நோக்கி ஃபிரெட்டுகளின் மேலேயே படுக்க வையுங்கள். முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை ஒட்டியோ, ஒரு மி.மீ. மேலாகவோ வந்து நிற்க வேண்டும். பிரிட்ஜின் நெற்றியில் முட்டினால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது. கழுத்து வில்லாகியிருக்கலாம், கழுத்தும் பெட்டியும் சேரும் இடம் வாய் திறந்திருக்கலாம், மேல்பலகை பிரிட்ஜ் அருகே வயிறு தள்ளியிருக்கலாம்.

வில் என்பது ஈர மரத்தின் வேலை. மெல்லிய கழுத்தாக இருந்தால் ஃபிங்கர்போர்டைக் கழற்றி, கீழே 6 மி.மீ. அகலத்தில் தேக்கு அல்லது வேங்கைப் பட்டையை நிறுத்தி ஒட்டுவதுதான் நிரந்தர வழி. வாய் திறப்பு என்பது கழுத்தின் வெட்டுமுகத்தை வெறும் பசையில் நம்பியதன் விளைவு. வெட்டுமுகம் பசையைக் குடித்துவிடும், பிடிப்பு நிற்காது. உள்ளிருந்து ஒரு 6 மி.மீ. போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். பெட்டிக்குள் முழுநீளமும் ஓடும் ஒரே கட்டையாகக் கழுத்தை அமைத்தவர்களுக்கு இந்தத் தலைவலியே வராது. முதல் கருவிக்கு நாங்கள் சொல்வது அதைத்தான்.

மேலே போகப் போக சுருதி விலகுகிறது

அதிகம் பேர் திணறும் இடம் இது. போனில் இலவச டியூனர் செயலி ஒன்று இருந்தால் போதும். முதலில் 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டபடி மீட்டி ஹார்மோனிக் (மணிபோன்ற மேல்ஸ்வரம்) எடுங்கள், பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சென்ட் கணக்கில் (அடுத்தடுத்த ஃபிரெட்டுகளின் சுருதி இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) எழுதுங்கள். அடுத்து முதல் ஃபிரெட், ஐந்தாம் ஃபிரெட்.

முதல் மூன்று ஃபிரெட்டில் மட்டும் சுருதி ஏறி, 12-இல் சரியாக இருந்தால் நட் உயரம். அழுத்துவதற்காகத் தந்தியை அதிகம் கீழே இழுக்க வேண்டியிருப்பதால் அது இறுகிச் சுருதி ஏறுகிறது. பள்ளத்தை இறக்கினால் முடிந்தது. எல்லா ஃபிரெட்டிலும் ஏறி, மேலே போகப் போக ஏற்றம் கூடினால் சாடில் நட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இறங்கினால் சாடில் தூரம். ஒரே ஒரு ஃபிரெட் மட்டும் நான்கு தந்தியிலும் விலகினால் அந்த ஃபிரெட்டின் இடமே தப்பு.

சாடிலை எவ்வளவு நகர்த்த வேண்டும்? 380 மி.மீ. நீளத்தில், சாடில் 1 மி.மீ. பின்னால் போனால் 12-ஆம் ஃபிரெட்டின் பிழை சுமார் 4.5 சென்ட் குறையும். 9 சென்ட் ஏற்றம் என்றால் 2 மி.மீ. சாடில் 3 மி.மீ. தடிமனாக இருந்தால் உச்சிக்கோட்டை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குத் தள்ளியே இதைச் சமாளிக்கலாம். மற்ற மூன்றும் சரியாக இருந்து சி தந்தி மட்டும் ஏறுவது சகஜம், தடித்த தந்திக்கு நீளம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் உச்சியைப் பின்னால் தள்ளுங்கள். பிழை 10 சென்ட்டைத் தாண்டினால் பிரிட்ஜைக் கழற்றத்தான் வேண்டும்.

சாடிலைச் சரியாக 380-இல் வைத்ததுதான் பெரும்பாலும் தப்பு. அழுத்தும்போது இறுகும் தந்திக்கு ஈடாக 2 மி.மீ. கூட்டி 382-இல் வைக்க வேண்டும்.

ஃபிரெட் இடங்களைச் சோதிக்க, எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்து போனால் ஒவ்வொன்றிலும் வரும் அரை மி.மீ. பிழை சேர்ந்துகொண்டே போகும். 380-க்குரிய இடங்கள் (மி.மீ.): 21.3, 41.5, 60.5, 78.4, 95.3, 111.3, 126.4, 140.6, 154.1, 166.7, 178.7, 190. வேறு நீளத்துக்கு, மிச்சமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தூரம் கிடைக்கும்.

கணினியில் அச்சிட்ட ஃபிரெட் வரைபடத்தை ஒட்டி அறுத்தவர்கள் 12-ஆவதை மறுபடி அளக்க வேண்டும். பிரிண்டர் பக்கத்துக்குள் அடக்குவதற்காக வரைபடத்தைச் சுருக்கியிருக்கும். 190-க்குப் பதில் 184 வந்தால் பதற வேண்டாம். எல்லா ஃபிரெட்டும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருப்பதால் அவற்றுக்குள் சுருதி சரிதான். உங்கள் தந்தி நீளம் 368 என்று வைத்துக்கொண்டு சாடிலை 370-க்கு நகர்த்துங்கள். ஃபிங்கர்போர்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

பிரிட்ஜ் பின்விளிம்பில் எழும்புகிறது

தந்தி பிரிட்ஜை முன்னால் சாய்க்கப் பார்க்கும், அதனால் பின்விளிம்புதான் முதலில் விடும். தாள் முனையைச் செருகிப் பாருங்கள். 2 மி.மீ. உள்ளே போனாலே தந்தியைத் தளர்த்திவிடுங்கள். அப்படியே விட்டால் ப்ளைவுட்டின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பாலிஷ் அல்லது வார்னிஷ் மேலேயே ஒட்டியிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. பசை பாலிஷைப் பிடிக்கும், பாலிஷ் மரத்தை விட்டுவிடும். பிரிட்ஜைக் கழற்ற, அதன் மேல் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி, மெல்லிய பட்டி பிளேடை ஓரத்திலிருந்து நுழைத்து மெதுவாகத் தள்ளுங்கள். பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் மரம் தெரியும்வரை சுரண்டி, பழைய பசையையும் எடுத்துவிட்டு, பிரிட்ஜின் அடியைப் பலகையோடு பொருத்திப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் கீற்று தெரியக் கூடாது. ஃபெவிகால் மெல்லிய பூச்சு, இரண்டு சி-கிளாம்ப், 24 மணி நேரம். வெள்ளைப் பசை சூட்டில் இளகும் என்பதால், ஒட்டிய பிறகும் வெயிலில் நிற்கும் காருக்குள் கருவியை வைக்கக் கூடாது.

மலிவான ப்ளைவுட்டில் பசையை மட்டும் நம்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பிரிட்ஜின் பின்பாதியில் தந்திக்கு ஒன்றாக 1.5 மி.மீ. துளை, பலகையையும் தாண்டி உள்ளே போகட்டும். தந்தியை அதன் வழியே விட்டு, உள்பக்கம் சின்ன மணி ஒன்றைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். பிரிட்ஜைப் பிய்க்கும் விசை பெருமளவு குறைந்து, தந்தியே அதைக் கீழே அழுத்தத் தொடங்கும். பலகையின் உள்பக்கம் பிரிட்ஜுக்கு நேர்கீழே 2 மி.மீ. தடிமனில் ஒரு கெட்டி மரத்துண்டு இருப்பது அவசியம். அது இல்லாத பெட்டியில் முடிச்சு பலகையைக் குடையும்.

இன்னொரு வழி ஒட்டாத பிரிட்ஜ். பெட்டியின் வால்பக்கம் ஒரு சின்னக் கதவுக்கீலைத் திருகி, தந்தியை அதில் கட்டி, பிரிட்ஜை வெறுமனே பலகையில் நிறுத்துவது. மாண்டலினில் இருக்கும் ஏற்பாடுதான். சாடில் இடத்தை நகர்த்தி நகர்த்திச் சுருதி பார்த்துக்கொள்ளலாம். ஒட்டிய பிரிட்ஜ்தான் வேண்டும் என்பவர்களும் முதலில் கீலைத் தற்காலிகமாகப் போட்டு இடத்தைக் கண்டுபிடித்து, பென்சிலால் குறித்த பிறகு ஒட்டலாம்.

சத்தம் அமுங்கிக் கிடக்கிறது

பெட்டிக்குள் முழுநீளக் கட்டை ஓடும் அமைப்பானால் ஒலித்துளை வழியே ஒரு தாள் கீற்றை விட்டு, கட்டைக்கும் மேல்பலகைக்கும் நடுவே இழுத்துப் பாருங்கள். சிக்கினால் கட்டை பலகையைத் தொட்டு அதன் வாயை மூடுகிறது. குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும்.

கட்டை தொடவில்லை என்றால் தடிமன். ப்ளைவுட் மேல்பலகை 2.5 மி.மீ.க்கு மேல் போனால் மந்தமாகிவிடும், ஒரே மரப்பலகையானால் 2 மி.மீ.யே தாராளம். 4 மி.மீ. ப்ளைவுட் போட்டு மூடிவிட்டவர்கள் வெளியே தேய்த்து மெலிக்க முயல வேண்டாம், மேல்தோல் போய் பலம் போகும். பிரிட்ஜைச் செதுக்கி எடையைக் குறைத்து, ஒலித்துளை வழியே எட்டும் தாங்குக்கட்டைகளின் முனைகளைச் சரித்துப் பாருங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால் பலகையை மாற்றுவதுதான் வழி.

சத்தம் இருக்கிறது, ஆனால் தகரம்போல் கீச்சென்கிறது என்றால் ஒலித்துளை பெரிதாகியிருக்கலாம். துளையில் பாதியை அட்டையால் மூடி மீட்டுங்கள். கனம் கூடினால் காரணம் அதுதான், உள்ளிருந்து ஒரு வளையம் ஒட்டி 55 மி.மீ.க்குக் குறையுங்கள்.

மீன்பிடி நரம்பைத் தந்தியாகப் போட்டவர்கள் விட்டத்தைப் பார்க்க வேண்டும். ஃபுளோரோகார்பன் என்றால் ஏ 0.52, ஈ 0.66, சி 0.81, ஜி 0.57 மி.மீ. நைலான் எடை குறைந்தது, அதே இழுப்புக்கு அது கால் பங்கு கூடுதல் தடிமனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தி தொளதொளவென்று கிடக்கும்.

சுருதி நிற்பதில்லை

புதுத் தந்தி சில நாள் நீண்டுகொண்டுதான் இருக்கும். இழுத்துவிட்டு ஏற்றுங்கள், மறுபடி இழுங்கள். வாரம் கழிந்தும் இறங்கினால் முடிச்சையும் டியூனர் திருகையும் பாருங்கள். கித்தார் டியூனரின் தண்டில் தந்தி குறைந்தது மூன்று சுற்று, கீழ்நோக்கி. டியூனரைத் திருகும்போது டிக்கென்று சத்தம் கேட்டுச் சுருதி தாவினால் நட்டின் பள்ளம் தந்தியை நெருக்குகிறது. பள்ளத்தை ஒரு மயிரிழை அகலமாக்கி, பென்சில் கரியைத் தேயுங்கள். டியூனருக்குப் பதில் மரப் பிரடை (வீணையில் உள்ளதுபோன்ற முறுக்காணி) வைத்தவர்களுக்கு: வழுக்கினால் சாக்பீஸ், இறுகினால் சோப்பு.

மழையில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி

ஈரத்தில் மேல்பலகை உப்பும், தந்தி உயரும். வறண்டால் பலகை இறங்கி இரைச்சல் வரும், ஃபிங்கர்போர்டு சுருங்கி ஃபிரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும். முனைகளை அரத்தால் சாய்வாக ராவுங்கள். ப்ளைவுட்டைவிட ஒரே மரப்பலகையில் இது அதிகம். பெட்டியை மூடுவதற்கு முன் உள்பக்கமும் அரக்கு பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் ஏற்ற இறக்கம் கொஞ்சம் மட்டுப்படும். உயரத்துக்கு, அரை மி.மீ. வித்தியாசத்தில் இரண்டு சாடில் செய்து அடியில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: தாழ்ந்தது மழைக்கு, உயர்ந்தது கோடைக்கு. அதனால்தான் சாடிலைப் பள்ளத்தில் ஒட்டக் கூடாது, இறுக்கமாகச் செருகினால் போதும்.